மூன்று செல்லில் ஒன்று: ஏற்காட்டில் இறங்கிய ஹெலிகாப்டரும் சேலத்தில் எரிந்த பேட்டரியும்

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஏற்காட்டில் ஒரு ரேடியோ கண்ட்ரோல் ஹெலிகாப்டர் பறந்துகொண்டிருக்கும்போதே சக்தி இழந்து காப்பிச் செடிகளுக்குள் விழுந்தது. அன்று இரவே சேலத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், அதே ஹெலிகாப்டரின் லிப்போ பேக் (லித்தியம் பாலிமர் பேட்டரி) சார்ஜ் ஆகும்போது புகைந்து எரிந்தது. யாருக்கும் காயம் இல்லை. ஒரு சார்ஜர் ஒயரும் ஒரு சிமெண்ட் தொட்டியும் கருகியதோடு போயிற்று.

இதைப் பற்றி எங்கள் வட்டாரத்துப் பறத்தல்காரர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "மலைக்காற்று லேசுங்க, அதான் பேட்டரி தாங்கல." இந்தப் பதிலை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. அது தவறு. இதை நம்பிக்கொண்டிருந்தால் அடுத்த பேக்கும் எரியும், அதுவும் மொட்டை மாடியில்தான் எரியும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதனால் கிடைத்த தடயங்களை எல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். மோட்டாருக்குப் போகும் சக்தியைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலர் பதிவு வைக்கும் வகை என்பதால் வோல்டேஜ், ஆம்பியர், சுழற்சி வேகம் மூன்றும் அதில் இருந்தன. சார்ஜர் திரையைத் தம்பி வழக்கம்போலச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார். எரிந்த பேக்கோடு சேர்த்து ஒரே நாளில் வாங்கிய, அதே மாதிரியான இரட்டை பேக் ஒன்று நல்ல நிலையில் இருந்தது. எரிந்த பேக்கின் மிச்சமும் கைக்குக் கிடைத்தது.

தம்பி என்று நான் சொல்வது ஹெலிகாப்டரின் சொந்தக்காரரை. சேலத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார், சால்டரிங் வேலையில் அபாரமான கை. கூடப் போன அண்ணன் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களில் பலருக்கு ஹெலிகாப்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

ஹெலிகாப்டர் 450 வகை. முதன்மை இறக்கை ஒவ்வொன்றும் 325 மில்லிமீட்டர், பேட்டரியோடு எடை 800 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. பேக் 3எஸ், 2200 மில்லி ஆம்பியர்-மணி. அதாவது மூன்று செல்கள் தொடராக இணைந்தது. ஒவ்வொரு செல்லும் பெயரளவில் 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. மொத்தம் 11.1, நிறைவில் 12.6. லேபிளில் 35சி என்று போட்டிருந்தது, கொள்ளளவைப்போல 35 மடங்கு ஆம்பியர் தரும் என்று அர்த்தம். கணக்குப்படி 2.2-ஐ 35-ஆல் பெருக்கினால் 77 ஆம்பியர். லேபிள் சொல்வதில் பாதியை நம்பிப் பறப்பதே என் வழக்கம், இந்த அளவு ஹெலிகாப்டருக்கு அது போதும்.

விமானம் என்றால் மோட்டார் நின்றாலும் இறக்கை இருக்கிறது, மிதந்து வந்து இறங்கலாம். ஹெலிகாப்டரில் ஒரே இடத்தில் நிற்பதற்கே பேட்டரி இடைவிடாமல் உழைக்க வேண்டும். கலெக்டிவை, அதாவது முதன்மை இறக்கைகளின் சாய்வை மாற்றும் கட்டுப்பாட்டை, தூக்கினால் ஆம்பியர் சட்டென்று இரட்டிப்பாகும். அதனால் பேக்கில் ஒரு செல் கொஞ்சம் சோர்ந்திருந்தாலும் விமானத்தில் மாதக்கணக்கில் தெரியாமல் இருக்கலாம், ஹெலிகாப்டரில் முதல் ஏற்றத்திலேயே தெரிந்துவிடும்.

பதிவில் இருந்தது

காலை ஏழரை மணி. நாகலூர் பக்கம், ஒரு தோட்டத்தின் நடுவே உரிமையாளரின் அனுமதியோடு பறக்கும் காலி நிலம். சுற்றிலும் காப்பிச் செடி, நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி. வெப்பநிலை 12 டிகிரி. பேக் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் பைக்கின் பக்கவாட்டுப் பையில் காற்று வாங்கிக்கொண்டே வந்தது. இறங்கியதும் நேராக ஹெலிகாப்டரில் மாட்டினார்கள். டைமர் சேலத்தில் வைக்கும் அதே 5 நிமிடம்.

முதல் இரண்டு நிமிடம் ஹோவரில், அதாவது ஒரே இடத்தில் நிற்கும்போது, 18, 19 ஆம்பியர். குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் நிமிடத்தில் மர உயரத்துக்கு மேல் ஒரு வேகமான ஏற்றம். ஆம்பியர் 34-ஐத் தொட்டது, மொத்த வோல்டேஜ் 8.9-க்கு விழுந்தது. கன்ட்ரோலரின் பாதுகாப்பு எல்லை 9.0, ஒரு செல்லுக்கு 3.0 என்ற கணக்கு. எல்லைக்குக் கீழே போனதும் அது தன் வேலையைச் செய்து சக்தியைக் குறைத்தது. சுழற்சி வேகம் இறங்கியது. ஆட்டோரொட்டேஷனுக்கு, அதாவது மோட்டார் இல்லாமல் இறக்கைகளின் சுழற்சியிலேயே இறங்குவதற்கு, கலெக்டிவை உடனே இறக்கியிருக்க வேண்டும். இந்த உயரத்தில் யோசிக்க ஒரு வினாடிதான் கிடைக்கும், அந்த வினாடி போய்விட்டது.

செடிக்குள் விழுந்தபின் நடந்ததை யாரும் கவனிக்கவில்லை, பதிவில் மட்டும் இருக்கிறது. சுமை குறைந்ததும் வோல்டேஜ் திரும்ப ஏறியது. கன்ட்ரோலர் மறுபடியும் மோட்டாருக்குச் சக்தி கொடுத்தது. இறக்கைகள் கிளையில் சிக்கியிருந்ததால் மோட்டார் சுழல முடியவில்லை, ஆம்பியர் 50-ஐத் தாண்டிச் சில வினாடிகள் அங்கேயே நின்றது. மோட்டாரை நிறுத்தும் திராட்டில் ஹோல்ட் சுவிட்சைத் தட்டியபின்தான் அது பூஜ்யமானது. பேக்கைக் கழற்றும்போது ஒரு பக்கம் உப்பியிருந்தது, மூலையில் கல் பட்டு நசுங்கியிருந்தது, கையில் பிடிக்கச் சூடாக இருந்தது. அங்கேயே எடுத்த படத்தில் செல் அளவுகள் இவை: ஒன்றாவது 2.71, இரண்டாவது 3.62, மூன்றாவது 3.64.

மலைக்காற்று எவ்வளவு லேசு?

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், சேலம் 280-க்கும் கீழே. காற்றழுத்தம் மேலே குறைவு என்பது உண்மைதான். ஆனால் குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். 12 டிகிரியில் ஏற்காட்டுக் காற்றின் அடர்த்தி, அதே மார்கழியில் 22 டிகிரியில் இருக்கும் சேலத்துக் காலைக் காற்றைவிடச் சுமார் பத்து சதவீதம்தான் குறைவு. ஹோவருக்கு வேண்டிய சக்தி அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் போகும் என்பதால் கூடுதல் சுமை ஐந்து சதவீதம் போல வரும். சேலத்தில் 18 ஆம்பியர் இழுத்தது இங்கே 19 இழுக்கும், அவ்வளவுதான். சித்திரை மாதத்து நண்பகலில் சேலத்தில் பறப்பதோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் இன்னும் சுருங்கிவிடும். அந்த வெயிலில் அதே பேக் எந்தத் தொல்லையும் இல்லாமல் பறந்திருக்கிறது.

ஆக உயரம் ஒரு சின்னக் காரணம், ஹெலிகாப்டரைக் கீழே தள்ளும் அளவுக்குப் பெரியது அல்ல. குளிர் அதைவிடப் பெரியது. லித்தியம் செல்லுக்குள் அயனிகள் நகர்வது குளிரில் மந்தமாகும், உள் தடை கூடும், அதாவது மின்சாரம் இழுக்கும்போது செல்லுக்குள்ளேயே வோல்டேஜ் அதிகம் இழக்கும். இரட்டை பேக்கைச் சேலத்தில் 30 டிகிரியில் சார்ஜரிலேயே அளந்தபோது ஒவ்வொரு செல்லும் 6 முதல் 7 மில்லி ஓம் காட்டியது. அதே பேக்கை ஏற்காட்டில் காலைக் குளிரில் வெளியே வைத்து அளந்தால் 12 வரை போனது. 34 ஆம்பியர் இழுக்கும்போது 12 மில்லி ஓம் என்றால் ஒரு செல்லுக்கு 0.4 வோல்ட் இறக்கம். சேலத்தில் இது 0.22 தான்.

ஆனால் இரட்டை பேக்கோடு அதே இடத்தில், அதே குளிரில், அதே மாதிரி ஏற்றம் கொடுத்துப் பார்த்தோம். மொத்த வோல்டேஜ் 10-க்குச் சற்று மேலேயே நின்றது. குளிர் மட்டும் காரணம் என்றால் இதுவும் விழுந்திருக்க வேண்டும்.

ஒன்றாம் செல்

இனி 8.9 என்ற எண்ணைப் பிரித்துப் பார்க்கலாம். மூன்றாம் நிமிடத்தில் நல்ல செல் ஒன்று சுமையில்லாமல் 3.75 போல இருக்கும். குளிரின் இறக்கம் 0.4 போனால் 3.35. இப்படி இரண்டு நல்ல செல்களுக்கு 6.7. மொத்தம் 8.9 என்றால் மீதி ஒரு செல்லுக்கு, அதாவது படத்தில் 2.71 காட்டிய ஒன்றாம் செல்லுக்கு, மிச்சம் 2.2 தான். கன்ட்ரோலர் விழிக்கும்போதே ஒன்றாம் செல் 2.2 வோல்டில் கிடந்தது என்று அர்த்தம். கன்ட்ரோலருக்குப் போவது இரண்டு தடித்த ஒயர்கள் மட்டுமே. அது பார்ப்பது மொத்தத்தை. எந்தச் செல் எவ்வளவு தருகிறது என்பது, ஒவ்வொரு செல்லிலிருந்தும் தனியாக வரும் மெல்லிய பேலன்ஸ் ஒயரில்தான் தெரியும். 9.0 என்ற எல்லை மூன்று செல்லும் சமமாக இருக்கும்போது பாதுகாப்பு, ஒன்று சோர்ந்திருக்கும்போது அது பெயருக்குத்தான் பாதுகாப்பு.

சரி, ஒன்றாம் செல் ஏன் சோர்ந்தது? பதில் அதற்கு முந்தைய வாரத்தில் இருக்கிறது. சேலத்தில் பறந்து முடித்தபின் பேலன்ஸ் ஒயரில் சின்னச் செல் மீட்டர் ஒன்றை மாட்டிப் பார்த்திருக்கிறார் தம்பி. அதைக் கழற்றாமலே பேக் பெட்டிக்குள் போய்விட்டது. இந்த மலிவு மீட்டர்களில் சில, தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தை எல்லாச் செல்களிலிருந்தும் சமமாக எடுப்பதில்லை. முதல் செல்லிலிருந்தோ முதல் இரண்டிலிருந்தோ எடுத்துக்கொள்கின்றன. சில மில்லி ஆம்பியர்தான், ஆனால் இரவும் பகலும். சனிக்கிழமை இரவு பெட்டியைத் திறந்தபோது மீட்டர் அணைந்திருந்தது. சார்ஜர் படத்தில் இருந்த அளவுகள்: 1.9, 3.7, 3.7.

சார்ஜர் லிப்போ முறையில் சார்ஜ் செய்ய மறுத்தது, செல் வோல்டேஜ் குறைவு என்று நின்றது. அந்த இடத்தில் பேக்கின் பறக்கும் வாழ்க்கை முடிந்திருக்க வேண்டும். அப்படி முடியாமல் போனதற்குக் கவனக்குறைவு காரணம் இல்லை. தன் தொழிலில் தினமும் வெற்றிகரமாகச் செய்யும் ஒரு வேலையைத்தான் தம்பி இங்கேயும் செய்தார். இந்த ஆய்வில் நான் முக்கியமாக நினைப்பதும் இதைத்தான்.

செல்போன் கடைக்கு வரும் பேட்டரிகளில் பல, மீட்டர் வைத்தால் பூஜ்யம் காட்டும். பவர் சப்ளையை நேரடியாக வைத்துச் சில வினாடிகள் பூஸ்ட் கொடுத்தால் உயிர் வந்துவிடும், போன் ஆன் ஆகும். இது எப்படி நடக்கிறது என்றால், போன் பேட்டரியின் தலைப்பகுதியில் ஒரு சிறிய பாதுகாப்பு போர்டு இருக்கிறது. செல் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் அது கதவைச் சாத்திக்கொள்ளும். வெளியே பூஜ்யம், உள்ளே செல்லில் இன்னும் வோல்டேஜ் இருக்கும். பூஸ்ட் கொடுக்கும்போது திறப்பது பெரும்பாலும் அந்தக் கதவுதான்.

ஹெலிகாப்டர் பேக்கில் அப்படி ஒரு போர்டே கிடையாது. 30, 40 ஆம்பியர் போக வேண்டிய பாதையில் அதை வைப்பதில்லை. செல்லிலிருந்து ஒயர் நேராக வெளியே வருகிறது. இங்கே மீட்டர் 1.9 காட்டினால் செல்லே 1.9-க்கு இறங்கிவிட்டது. 2 வோல்டுக்குக் கீழே போகப் போக, நெகட்டிவ் பக்கத்துச் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும் நிலையை நோக்கிச் செல் போகிறது. மறுபடி சார்ஜ் செய்யும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட்டுக்கு வழி செய்யலாம். அது அந்த எல்லை வரை போகாவிட்டாலும் கொள்ளளவு குறையும், உள் தடை கூடும், வாயு உண்டாகிப் பை உப்பும்.

தம்பி சார்ஜரை வேறு வகைப் பேட்டரிக்கான நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு முறைக்கு மாற்றினார், பேலன்ஸ் ஒயரைக் கழற்றிவிட்டார், 1 ஆம்பியரில் சில நிமிடம் ஓட்டினார். 3 வோல்ட் தாண்டியதும் லிப்போ பேலன்ஸ் முறைக்குத் திரும்பினார். இந்தத் தடவை சார்ஜர் ஏற்றுக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது நள்ளிரவு தாண்டியும் ஓடியது. ஒன்றாம் செல் பின்தங்கியிருந்ததால் மற்ற இரண்டையும் பிடித்து வைத்துப் பேலன்ஸ் செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் திரையில் 4.19, 4.20, 4.20. அண்ணனுக்குப் போன் போட்டு, "அண்ணா, 12.6 வந்துருச்சு, பேக் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்.

சுமையில்லாமல் 4.20 காட்டுவது செல் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். அந்தச் செல் 34 ஆம்பியர் கேட்டால் கொடுக்குமா என்பதை உள் தடைதான் சொல்லும். அந்தச் சார்ஜரிலேயே உள் தடை காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது, இரண்டு பட்டன் அழுத்தினால் வரும். எங்கள் வட்டாரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர்கள் மிகச் சிலர்.

மொட்டை மாடி

சேலம் திரும்பிய இரவு, சேதத்தைப் பார்ப்பதற்காக மறுபடி சார்ஜில் போட்டார்கள். 2.71 என்பதால் லிப்போ முறை மீண்டும் மறுத்தது, மீண்டும் அதே குறுக்கு வழி, இந்தத் தடவை 2 ஆம்பியர். வீட்டுக்குள் வேண்டாம், மாடியில் சிமெண்ட் தொட்டிக்குள் வைத்துப் போடு என்று அண்ணன் பிடிவாதமாகச் சொன்னதால்தான் கதை இதோடு முடிந்தது. அரை மணிக்கும் மேலே ஆனபோது வெள்ளைப் புகை சீறியது, அப்புறம் தீ. சில வினாடிகளில் அடங்கியது, மறுபடியும் ஒரு தடவை பிடித்தது.

நிக்கல் முறையில் சார்ஜர் 4.2-ஐப் பார்க்காது, வோல்டேஜ் உச்சத்துக்குப் போய்ச் சற்று விழுவதற்காகக் காத்திருக்கும். லிப்போவில் அப்படி ஓர் இறக்கம் சரியான நேரத்தில் வராது, அதனால் ஓவர்சார்ஜ் ஆகிவிட்டதோ என்று முதலில் எனக்கும் தோன்றியது. கணக்குப் பார்த்தால் அது முக்கியக் காரணமாகத் தெரியவில்லை. 2 ஆம்பியரில் 40 நிமிடம் என்றாலும் உள்ளே போனது 1,300 சொச்சம் மில்லி ஆம்பியர்-மணி. 3.6 வோல்ட் சொச்சத்தில் இருந்த இரண்டாவது, மூன்றாவது செல்களை நிரப்பும் அளவை அது பெரிதாகத் தாண்டாது. மிச்சத்தைப் பிரித்துப் பார்த்ததில் எரிதல் தொடங்கிய இடம் ஓரத்துச் செல், நசுங்கிய மூலை இருந்த பக்கம். பேலன்ஸ் ஒயர் வரிசைப்படி அது ஒன்றாம் செல். ஒரு தடவை 1.9 வரை இறங்கி, பறக்கும்போது 2.2 வரை மிதிபட்டு, கல்லில் நசுங்கிய செல்லுக்குள் 2 ஆம்பியரைத் தள்ளினால் உட்பக்கப் பிரிப்புத்தாள் தாங்காது. எரிவதற்கு அது போதும்.

தீ பிடித்தபோது செய்ய வேண்டியதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், தவறான அறிவுரை நிறைய உலவுகிறது. முதலில் சார்ஜரின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். அப்புறம் விலகி நிற்க வேண்டும். புகையில் ஹைட்ரஜன் புளோரைடு உண்டு, நுரையீரலுக்கு மிகக் கெடுதல், குனிந்து பார்க்கவே கூடாது. மணல் தீ பரவாமல் தடுக்கும், ஆனால் செல்லைக் குளிர்விக்காது. கரண்ட் துண்டித்தபின் தண்ணீரை நிறைய ஊற்றலாம், வெப்பத்தை எடுப்பது அதுதான். ஒரு செல் அணைந்தாலும் அடுத்த செல் சூட்டில் பிடிக்கும் என்பதால் உடனே கையில் எடுக்கக் கூடாது.

இப்போது நாங்கள் செய்வது

ஒவ்வொரு பேக்கிலும் ஒரு காகித டேப் ஒட்டி, வாங்கிய மாதத்தையும் மூன்று செல்லின் உள் தடையையும் எழுதுகிறோம். மாதம் ஒரு தடவை, சுமாராக ஒரே வெப்பநிலையில் அளக்கிறோம். எண் எவ்வளவு என்பதைவிட, மூன்றில் ஒன்று தனியாக விலகுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு செல் மற்றதைப்போல ஒன்றரை மடங்கு ஆனால் அந்தப் பேக் ஹெலிகாப்டருக்கு வேண்டாம்.

சார்ஜர் மறுத்தால் பேக் முடிந்தது, பேச்சே இல்லை. 0.1சி-க்கும் குறைவான மின்னோட்டத்தில், அதாவது 2200-க்கு 200 மில்லி ஆம்பியர் போல, மெதுவாக உயிர் கொடுக்கலாம் என்பார்கள். மேசையில் ஒரு சின்ன விளக்கு எரிக்க அது உதவலாம். தலைக்கு மேல் நிமிடத்துக்கு 2,500 சுற்று வேகத்தில் சுழலும் இறக்கைக்குக் கீழே மாட்ட எந்த நியாயமும் இல்லை.

மலைக்குப் போகும்போது பேக்குகள் ஜெர்கினுக்குள் அல்லது வெந்நீர் பாட்டில் வைத்த தெர்மோகோல் பெட்டிக்குள் வருகின்றன. தொட்டால் வெதுவெதுப்பாக, 30 டிகிரிக்கு மேல் இருக்கும்போது மாட்டுகிறோம். முதல் அரை நிமிடம் ஹோவர் மட்டும். பறக்க ஆரம்பித்தபின் பேக் தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். டைமரை, இறங்கியபின் சார்ஜர் எத்தனை மில்லி ஆம்பியர்-மணி திருப்பிப் போடுகிறது என்பதை வைத்து அமைக்கிறோம். 2200 பேக்குக்கு 1,760-ஐத் தாண்டினால், அதாவது 80 சதவீதத்துக்கு மேல் போனால், டைமரைக் குறைக்க வேண்டும். விழுந்தால் கை முதலில் தேட வேண்டியது திராட்டில் ஹோல்ட். இதை அண்ணன் இப்போது தரையில் வைத்தே பழக்குகிறார்.

கீழே சேலத்தில் பிரச்சினை வேறு மாதிரி. பங்குனி, சித்திரையில் முழுச் சார்ஜோடு பேக்கைப் பைக் பெட்டியிலோ கார் டேஷ்போர்டிலோ விட்டால் பறக்காமலே உப்பிவிடும். அன்று பறக்கவில்லை என்றால் அன்றே ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் என்ற அளவுக்குச் சார்ஜை இறக்கி வைக்க வேண்டும். பேலன்ஸ் ஒயரில் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது.

கெட்ட பேக்கை உப்புத் தண்ணீரில் போட்டு வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. செல் காலியாகும் முன்பே முனைகள் அரித்துப் போய்விடும், வெளியே செத்தது போலத் தெரியும் பேக் உள்ளே சார்ஜோடு இருக்கும். 12 வோல்ட் ஹாலஜன் பல்பு ஒன்றை மாட்டி வெட்டவெளியில் முழுவதும் காலியாக்கி, முனைகளில் டேப் சுற்றி, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுப்பதே சரி. உடைந்தோ நசுங்கியோ இருந்தால் பல்பு மாட்டும்போதும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

எங்களுக்குள் இன்னும் தீராத விவாதம் ஒன்று இருக்கிறது. இப்போது எல்லாரும் பறக்கும்போது செல்வாரியாகப் பார்க்கும் அலாரம் மாட்டுகிறோம். ஏற்காட்டுக் குளிரில் அது சீக்கிரமே கத்துகிறது, அதனால் மலைக்கு மட்டும் 3.5-லிருந்து 3.3-க்கு இறக்கி வைக்கலாம் என்கிறார் தம்பி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. குளிரில் சீக்கிரம் கத்துகிறது என்றால் செல் குளிராக இருக்கிறது என்று அர்த்தம், மாற்ற வேண்டியது அலாரத்தை அல்ல. நான் 3.5-லேயே வைத்திருக்கிறேன், கத்தினால் ஹெலிகாப்டரைத் தரையிறக்கிவிடுகிறேன்.